அப்பாவின் முழங்காலும் வீட்டு மேடும்: மேனுவலா, இரட்டை கிளட்ச்சா?

கேள்வி: வணக்கம் அண்ணே. மலேசியா, பேராக்கின் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். வயது 27. வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. பெரிய சாலைக்கு வர நான்கு கிலோமீட்டர் செம்மண் பாதை. வீட்டுக்கு முன்னால் செங்குத்தாக ஒரு மேடு. வேலை இப்போவில், தினமும் போய்வர ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மூன்று கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, புது பெரோடுவா பெஸ்ஸா 1.0 மேனுவல், அப்பா இதைத்தான் எடுக்கச் சொல்கிறார். இரண்டு, 70 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய 2021 புரோட்டோன் எக்ஸ்50; எனக்கு இதில்தான் ஆசை. மூன்று, நண்பரின் 2013 வோக்ஸ்வேகன் போலோ 1.2 டிஎஸ்ஐ; 20 ஆயிரம் வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். பின்னால் சொன்ன இரண்டிலும் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். "அந்த கியர் நம்ம ரோட்டுக்கு ஆகாது, ரெண்டு வருஷத்துல போயிடும்" என்கிறார் அப்பா. அவர் தோட்டத்தில் 30 வருடம் டிராக்டரும் லோரியும் ஓட்டியவர். இப்போது இடது முழங்காலில் வலி, ஆனாலும் வண்டியை விடமாட்டார். தங்கை ஆட்டோ லைசன்ஸ் எடுத்திருக்கிறாள். எதை எடுப்பது அண்ணே?

பதில்:

தம்பி, வணக்கம். உங்கள் கடிதத்தில் கார்களைப் பற்றி எழுதியதைவிட, அந்த மேட்டைப் பற்றியும் அப்பாவின் முழங்காலைப் பற்றியும் போகிறபோக்கில் எழுதிய வரிகள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டன. பட்டறைக்கு வந்து இதே கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் அதைச் சொல்வதில்லை. எத்தனை குதிரைசக்தி, எத்தனை கியர், நெடுஞ்சாலையில் எப்படி இழுக்கும் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது எல்லா கியர்பாக்ஸும் நல்ல கியர்பாக்ஸ்தான். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கிளட்ச் முழுசாகப் பிடித்துக்கொண்டிருக்கும், எதுவும் வழுக்காது, எதுவும் தேயாது. கியர்பாக்ஸின் ஆயுள் கரைவதெல்லாம் 15 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழேதான். காலையில் மகாத்மா காந்தி கலாசாலைப் பக்கம் பிள்ளைகளை இறக்கிவிடும் நெரிசல், செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து வருவது, மழை பெய்து குழம்பிப்போன செம்மண்ணில் வழுக்கி ஏறுவது, இரவு வீட்டு மேட்டில் ரிவர்ஸ் எடுத்து நிறுத்துவது. அதனால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு, காரை இப்படி ஊர்ந்து ஓட்டும் நிமிடங்களை மட்டும் குறித்துவையுங்கள். எந்த கியர்பாக்ஸ் என்பதை முடிவு செய்ய அந்தக் கணக்கைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

இரட்டை கிளட்ச் என்றால் என்ன என்று அப்பாவுக்கும் புரியும்படி சொல்கிறேன். அவர் இதை "ஆட்டோ" என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் இது மேனுவல் கியர்பாக்ஸின் தம்பி. உள்ளே பல்சக்கரங்கள் மேனுவலில் இருப்பது போலத்தான். வித்தியாசம் என்னவென்றால் கிளட்ச் இரண்டு. ஒன்று 1, 3, 5, 7 ஆகிய கியர்களைப் பார்த்துக்கொள்ளும். இன்னொன்று 2, 4, 6 கியர்களையும், பெரும்பாலும் ரிவர்ஸையும் பார்த்துக்கொள்ளும். புருஷன் ஒரு ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருக்கும்போதே மனைவி அடுத்த மரத்துக்குப் போய் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்துத் தயாராக வைப்பாள் இல்லையா, அது மாதிரி. நீங்கள் இரண்டாவது கியரில் ஓடும்போதே மூன்றாவது கியர் உள்ளே தயாராகிவிடும். ஒரு கிளட்ச் விட, மறு கிளட்ச் பிடிக்கும். அதனால்தான் கியர் மாறுவதே தெரியாமல் அவ்வளவு சடக்கென்று மாறுகிறது.

இந்த யோசனை புதிதல்ல. 1939-லேயே அடோல்ஃப் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சு பொறியாளர் இதைச் சிந்தித்திருக்கிறார். 1980-களில் போர்ஷே இதைப் பந்தயக் கார்களில் ஓட்டிப் பார்த்தது. கடையில் வாங்கக்கூடிய காரில் வந்தது 2003-இல், வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர்32-இல். நம் நாட்டில் புரோட்டோன் 2020-இல் உள்நாட்டில் பொருத்திய எக்ஸ்70-இல் இதைப் போட்டது. அதே வருடக் கடைசியில் வந்த எக்ஸ்50-லும் இதுதான். அதற்கப்புறம் எஸ்70, எக்ஸ்90 என்று வரிசையாக வந்துவிட்டதால், இன்று தோட்டப் பக்கங்களிலும் இந்த கியர்பாக்ஸ் நிறைய ஓடுகிறது.

இப்போது அப்பா சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். பழைய மாதிரி ஆட்டோ கியரில், எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் டார்க் கன்வர்ட்டர் என்று ஒன்று உண்டு. எண்ணெய் சுழன்று சக்தியைக் கடத்தும். ஊர்ந்து போனாலும், மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து நின்றாலும், தேய்வதற்கு அங்கே தகடு இல்லை, எண்ணெய்தான் சூடாகும். இரட்டை கிளட்ச்சில் அந்த எண்ணெய் மெத்தை கிடையாது. தகடும் தகடும் உரசித்தான் வண்டி நகர வேண்டும். மேனுவல் காரில் நீங்கள் கிளட்ச்சைப் பாதி மிதித்து "ஹாஃப் கிளட்ச்" பிடித்து நிற்கிறீர்களே, அதே வேலையை இதில் கம்ப்யூட்டர் செய்கிறது. உங்கள் இடது காலை எடுத்து கம்ப்யூட்டரிடம் கொடுத்துவிட்டோம், அவ்வளவுதான். கால் யாருடையதாக இருந்தாலும், ஹாஃப் கிளட்ச் பிடித்தால் தகடு சூடாகும், தேயும்.

அந்த கிளட்ச் தகடுகளில் இரண்டு வகை உண்டு. உங்கள் மூன்று கார்களில் இரண்டைப் பிரித்துப் பார்க்க இதுதான் வழி, கவனமாகப் படியுங்கள். ஒன்று உலர் கிளட்ச். மேனுவல் கார் கிளட்ச் மாதிரியே காற்றில் சுழலும், காற்றில்தான் ஆறும். இன்னொன்று ஈர கிளட்ச். தகடுகள் எண்ணெயில் நனைந்தபடி இருக்கும், அந்த எண்ணெய் சூட்டை வாங்கிக்கொண்டு போய் வெளியே விடும். மெதுவாக ஊரும் வேலைக்கு ஈர கிளட்ச் எவ்வளவோ மேல். நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் நெரிசலும் சேர்ந்த ஊருக்கு உலர் கிளட்ச்சை நான் பரிந்துரைப்பதில்லை.

நண்பரின் போலோ 1.2 டிஎஸ்ஐயில் இருப்பது ஏழு கியர் உலர் கிளட்ச் வகை. (எல்லா போலோவும் அப்படி இல்லை. இங்கே விற்ற 1.6 போலோ செடானில் ஆறு கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோ. பெயரைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.) இந்த ஏழு கியர் வகைக்காக 2013-இல் வோக்ஸ்வேகன் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. உள்ளே இருந்த செயற்கை எண்ணெய், வெப்பமும் ஈரப்பதமும் கூடிய ஊர்களில் நின்று நின்று ஓடும்போது மின்கோளாறுக்கு இடம் கொடுத்ததால், அதை எடுத்துவிட்டு கனிம எண்ணெய் ஊற்றினார்கள். அந்த வகையில் கிளட்ச்சை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று இருக்கிறது, மெக்கட்ரானிக் என்பார்கள். அது போனால் திடீரென்று ஒரு பக்கத்து கியர்கள் எல்லாம் காணாமல் போகும். வண்டி 1, 3, 5-இல் மட்டும் ஓடும், அல்லது ரிவர்ஸே விழாது. பழுது பார்க்கும் செலவு பல ஆயிரம் வெள்ளி. 20 ஆயிரத்துக்கு வாங்கும் காருக்கு அது கட்டுப்படியாகுமா? 12 வருடத்துக்கு மேல் ஆன உலர் கிளட்ச் கார், தினமும் எட்டு கிலோமீட்டர் செம்மண், ஒரு செங்குத்து மேடு. தம்பி, வேண்டாம். நண்பர் மேல் குறை இல்லை. அவர் நகரத்தில் யாருக்காவது விற்கட்டும், உலர் கிளட்ச் என்று வாங்குகிறவரிடம் வெளிப்படையாகச் சொல்லி விற்கட்டும்.

உலர் கிளட்ச் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஓர் ஆசிரியை, புது மாதிரி கார் ஒன்றைக் கொண்டுவந்தார். முதல் கியரில் கிளம்பும்போது உதறல். நான் எஞ்சின் மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்) என்று நினைத்து அதை மாற்றிக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் அதே உதறலோடு திரும்பி வந்தார். அப்புறம்தான் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் ஓட்டுவதைப் பார்த்தேன். சந்திப்பு மேட்டில், பிரேக்கை விட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தே காரை நிறுத்தி வைத்திருந்தார். மேனுவலில் அவர் கற்றுக்கொண்டது அதுதான். அது உலர் கிளட்ச் கார். விற்றவர்கள் யாரும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன், ஆனால் தகடு தேய்ந்தது தேய்ந்ததுதான்.

அந்த அம்மா செய்தது தவறு என்று சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் ஃபியஸ்டா, ஃபோக்கஸ் போன்ற கார்களில் இருந்த உலர் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு இதே உதறல் புகார் ஆயிரக்கணக்கில் வந்தது. உங்கள் ஓட்டும் முறைதான் காரணம் என்று வாடிக்கையாளர்கள் மேலேயே பழியைப் போட்டார்கள். வழக்கு கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போய், 2018-இல் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஓட்டும் முறையும் முக்கியம்தான். ஆனால் சாதாரண ஜனங்கள் சாதாரணமாக ஓட்டினால் தாங்காத ஒரு பொருளை விற்றுவிட்டு, அவர்கள் காலைக் குறை சொல்வது நியாயமில்லை.

சரி, அப்பா சொல்லும் பெஸ்ஸா மேனுவல். எனக்கு மேனுவல் மேல் தீராத பிரியம் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. நான் தொழில் பழகியதே தோட்டத்துப் பட்டறையில், டிராக்டர் கிளட்ச் இறக்கி ஏற்றித்தான். மேனுவலில் கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை. ஒழுங்காக ஓட்டினால் ஒரு லட்சம் கிலோமீட்டரை கிளட்ச் தாராளமாகத் தாண்டும். தேய்ந்தாலும் சுங்கை சிப்புட்டிலேயே மாற்றலாம், சில நூறு வெள்ளியில் வேலை முடியும், கம்ப்யூட்டர் எதுவும் தேவையில்லை. செம்மண் சேற்றில் இரண்டாவது கியரில் மெதுவாக விட்டு ஏற்றும் வசதி வேறு எதிலும் இவ்வளவு கைக்கு அடங்கி வராது. பேட்டரி இறங்கிப்போனால் அந்த மேட்டில் இருந்து உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யலாம். இரட்டை கிளட்ச்சில் அது நடக்கவே நடக்காது, எஞ்சின் ஓடாவிட்டால் கிளட்ச் பிடிக்காது. சாலை வரியும் குறைவு: 1.0 பெஸ்ஸாவுக்கு வருடத்துக்கு 20 வெள்ளி, 1.5 எக்ஸ்50-க்கு அதைவிடப் பல மடங்கு. புது கார் என்பதால் உத்தரவாதமும் கையில் இருக்கிறது. மேனுவல் கார்கள் ஒவ்வொன்றாகக் கடையில் இருந்து மறைந்துகொண்டு வருகின்றன. மைவியின் மேனுவல் 2021-இல் வந்த புதுப்பித்த மாதிரியோடு நின்றுபோனது. பெஸ்ஸாவில் இன்னும் கிடைக்கிறது என்பதே எனக்கு ஒரு சந்தோஷம்.

நீங்கள் ஒருவர் மட்டும் ஓட்டும் கார் என்றால் இத்தோடு பதிலை முடித்து, அப்பா சொன்னதைக் கேளுங்கள் என்று எழுதியிருப்பேன்.

ஆனால் தம்பி, இது வீட்டுக் கார். உங்கள் தங்கையிடம் இருப்பது டிஏ லைசன்ஸ், அதாவது ஆட்டோ கியர் காருக்கு மட்டும். அதை வைத்துக்கொண்டு மேனுவல் ஓட்டுவது சட்டப்படி குற்றம். விபத்து என்று ஒன்று நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும். நீங்கள் வேலைக்குப் பேருந்திலோ நண்பரோடோ போன ஒரு நாளில், அம்மாவை அவசரமாகக் கோல கங்சாருக்கோ இப்போவுக்கோ கொண்டுபோக வேண்டும் என்றால் யார் ஓட்டுவது? முழங்கால் வலியோடு அப்பாவா?

அந்த முழங்காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். நம் நாட்டுக் கார்களில் கிளட்ச் இடது காலுக்கு. அவருக்கு வலியும் இடது காலில். சுங்கை சிப்புட்டில் இருந்து செம்மோர் வழியாக இப்போ போய் வர, நெரிசலோடு சேர்த்தால், எத்தனை நூறு முறை கிளட்ச் மிதிக்க வேண்டும் என்று நீங்களே ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். 30 வருடம் டிராக்டர் கிளட்ச் மிதித்த கால் அது. அந்தக் காலத்து டிராக்டர் கிளட்ச் எவ்வளவு கனம் என்பது எனக்குத் தெரியும், ஒரு நாள் முழுக்க மிதித்தால் ராத்திரி தொடை நடுங்கும். அந்தத் தேய்மானமே இன்று வலியாக நிற்கலாம். அவர் மேனுவல் கேட்பது தனக்குத் தெரிந்ததை நம்புவதால். உங்களுக்குச் செலவு வந்துவிடக் கூடாது என்ற கவலையும் அதில் இருக்கிறது. தன் காலைப் பற்றி அவர் யோசித்திருக்க மாட்டார், அப்பாக்கள் யோசிப்பதில்லை. நீங்கள்தான் யோசிக்க வேண்டும். வலி வந்த நேரத்தில் கிளட்ச்சை முழுசாக மிதிக்க முடியாமல் போனால் அது கியர்பாக்ஸ் பிரச்சினையாக நிற்காது, உயிர்ப் பிரச்சினையாகிவிடும். அதனால் மேனுவல் எனக்கு எவ்வளவு பிடித்தாலும், உங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது.

மிஞ்சுவது எக்ஸ்50. இதில் இருப்பது ஏழு கியர் ஈர கிளட்ச். போலோவோடு இதை ஒரே தராசில் வைக்க வேண்டாம். உங்கள் பாதையை இது தாங்கும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் அந்த ஒரு கார் தாங்குமா என்பது வேறு கேள்வி. 70 ஆயிரம் கிலோமீட்டர் அதை யார் ஓட்டினார்கள், எங்கே ஓட்டினார்கள்? கோலாலம்பூர் நெரிசலில் நான்கு வருடம் ஊர்ந்த 70 ஆயிரமும், நெடுஞ்சாலையில் ஓடிய 70 ஆயிரமும் ஒன்றல்ல. எக்ஸ்50-க்குக் கொடுத்த உத்தரவாதம் ஐந்து வருடம் அல்லது 150,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. 2021 கார் என்றால் வருடக் கணக்கில் அது முடிந்திருக்கும், அல்லது முடியப்போகும். சர்வீஸ் பதிவு முழுசாக இருக்கிறதா, கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஈர கிளட்ச்சில் தகடு தேயும் துகள் எல்லாம் அந்த எண்ணெயில்தான் கலக்கும், பழைய எண்ணெயோடு ஓடினால் அந்த அழுக்கு வால்வுகளுக்குள் போய் உட்காரும். பதிவைக் காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று. பெயர் மாற்றத்துக்கு புஸ்பாகோம் வாகனச் சோதனை பண்ணித்தானே தருகிறார்கள் என்று விற்பவர் சொல்வார். அந்தச் சோதனை எஞ்சின் எண், சேசிஸ் எண் இதையெல்லாம் சரிபார்க்க. கியர்பாக்ஸைத் திறந்து கிளட்ச் தகட்டை அளக்கும் வேலை அதில் இல்லை.

ஓட்டிப் பார்க்கும்போது அந்தத் தெருவைச் சுற்றி ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுத் திரும்பாதீர்கள். ராத்திரி முழுக்க நின்ற காரைக் காலையில் நீங்கள்தான் முதலில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். விற்பவர் முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த நிலையில் முதல் கியரில் இருந்து இரண்டாவதுக்கு மாறும்போது இடிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் குறைந்தது முக்கால் மணி நேரம் ஓட்டுங்கள், பாதி நேரம் நெரிசலில். கியர்பாக்ஸ் நன்றாகச் சூடான பிறகு, நெடுஞ்சாலையில் ஏறி கோல கங்சாருக்கும் இப்போவுக்கும் நடுவே மெனோரா சுரங்கப் பாதை ஏற்றத்தில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

அதைவிட நல்ல சோதனை உங்கள் வீட்டு மேடு. விற்பவரிடம் கேட்டு, காரை அங்கே கொண்டுவாருங்கள். மேட்டின் நடுவில் நிறுத்தி, பிரேக்கை விட்டு மெதுவாக ஏற்றுங்கள். உதறாமல் ஏற வேண்டும். அடுத்து அதே மேட்டில் ரிவர்ஸில் மேல்நோக்கி ஏற்றுங்கள். ரிவர்ஸ் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவது கிளட்ச், அதனால் இப்படி இரண்டு கிளட்ச்சையும் சோதித்துவிடலாம். பலரும் முன்பக்கம் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறார்கள். கடைசியாக, கம்ப்யூட்டர் போட்டு கியர்பாக்ஸில் பழைய கோளாறுக் குறிப்பு ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று இப்போவில் ஒரு பட்டறையிலோ சேவை மையத்திலோ பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் காரே பேசிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் எல்லாம் தேறினால் எடுங்கள். ஆனால் கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். 5,000 வெள்ளி தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதத்தில் வாங்க முடியுமா என்று பாருங்கள். கியர்பாக்ஸுக்கு அது தேவைப்படாமலே போகலாம், போகட்டும். முதல் வேலையாக கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றுங்கள். அதற்கப்புறமும் கையேட்டில் போட்டிருக்கும் கணக்குக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றுங்கள், நீங்கள் ஓட்டுவது சாதாரணப் பாதை இல்லை.

ஓட்டும் பழக்கம் பற்றி. அதை அப்பாவுக்கு நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும், கொஞ்சம் பக்குவமாக. மேட்டில் நின்றால் பிரேக்கை நன்றாக மிதித்து நிற்க வேண்டும், ஆக்ஸிலரேட்டரில் நிற்கவே கூடாது. பிரேக்கை அழுத்தி மிதித்தால் கிளட்ச் தானாக விலகிக்கொள்ளும், தகடு உரசாது. லேசாகப் பிரேக்கைத் தொட்டுக்கொண்டு ஊர விட்டால்தான் அது பாதி பிடித்தும் பாதி விட்டும் தேயும். எக்ஸ்50-இல் ஆட்டோ பிரேக் ஹோல்டு என்ற பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டால் நின்ற இடத்தில் அதுவே பிடித்துக்கொள்ளும், அப்பாவின் வலது காலுக்கும் ஓய்வு. டிராக்டருக்குப் பின்னால் ஊர வேண்டி வந்தால், ஒட்டிக்கொண்டே போகாமல், நின்று இடைவெளி விட்டு, இரண்டு கார் நீளம் காலியானதும் ஒரே மூச்சில் நகருங்கள். விளக்கில் நிற்கும்போதெல்லாம் நியூட்ரலுக்குத் தள்ளத் தேவையில்லை. வீட்டு மேட்டில் நிறுத்தும்போது பிரேக்கை மிதித்தபடி முதலில் ஹேண்ட்பிரேக் போட்டு, வண்டியின் பாரம் அதில் உட்கார்ந்த பிறகு "பி"க்குத் தள்ளுங்கள். கேமரன் மலைக்குப் போய் இறங்கும்போது மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது, மூன்றாவது கியரிலேயே இறக்குங்கள். அந்த இடத்தில் இது மேனுவல் கார் மாதிரியே எஞ்சினால் வேகத்தைப் பிடித்து நிறுத்தும். லோரி ஓட்டியவர் என்பதால் அப்பாவுக்கு அது உடனே பிடித்துப்போகும்.

அந்த கார் தேறவில்லை என்றால்? மனம் உடைந்துபோய் போலோ பக்கமோ, கோபத்தில் மேனுவல் பக்கமோ போய்விடாதீர்கள். பெஸ்ஸாவிலேயே 1.3 ஆட்டோ இருக்கிறது. நான்கே கியர்தான், பழைய டார்க் கன்வர்ட்டர் வகை. உங்கள் வயதுக்கு ஓட்டுவதில் சுவாரஸ்யம் குறைவாகத்தான் இருக்கும், நெடுஞ்சாலையில் இரைச்சல் போடும். ஆனால் மேட்டில் யார் எப்படி ஓட்டினாலும் பொறுத்துக்கொள்ளும், தங்கை ஓட்டலாம், அப்பா ஓட்டலாம், கடனும் சிறியது. எக்ஸ்50-இன் மாதத் தவணை உங்கள் சம்பளத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டுகிறது என்றால், கார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

எக்ஸ்50-ஐ மேட்டுக்குக் கொண்டுவரும் அன்று, முதலில் நீங்கள் ஏற்றிப் பார்த்துவிட்டு, சாவியை அப்பாவிடம் கொடுங்கள். வாதம் எதுவும் செய்ய வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்தை மட்டும் சொல்லுங்கள். அவர் இரண்டு முறை ஏற்றி இறக்கட்டும். கிளட்ச் சத்தத்தைக் கேட்டே குறை கண்டுபிடிக்கும் காது 30 வருடம் ஓட்டியவருக்கு இருக்கும், உங்கள் காதுக்கும் என் காதுக்கும் தப்பியது அவருக்குத் தப்பாது. இறங்கியதும் அவர் ஏதாவது வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால், அதைப் பழைய பிடிவாதம் என்று தள்ளிவிடாமல், அந்த இடத்தை அப்படியே குறித்துக்கொண்டு பட்டறையில் கேளுங்கள்.